லோஸ் பான்யோஸிலிருந்து அம்மாவுக்கு

லோஸ் பான்யோஸ், லகுனா, பிலிப்பைன்ஸ்
3.11.2004

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்து பதினாறு நாள் ஆகிறது. இரண்டு தடவை பதில் எழுத உட்கார்ந்து, நலம் நலமறிய ஆவல் வரைக்கும் வந்து, எழுந்து போய்விட்டேன். அதற்கு முன்பு மூன்று மாதம் எழுதாததற்குப் பரீட்சை, வயல் வேலை என்று ஏதாவது சொல்லலாம், நீயும் நம்பிவிடுவாய், ஆனால் சோம்பல்தான். போனில் பேசுவதெல்லாம் ஒரு பேச்சா, நீ "சாப்பிட்டியா" என்று கேட்டு முடிப்பதற்குள் அட்டையில் காசு தீர்ந்துவிடுகிறது. தீபாவளி கழித்துத்தான் இது உன் கைக்கு வரும் என்று நினைக்கிறேன். பணம் காணாமல் போன விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன், அதற்குள் யாரிடமும் போய் எதுவும் பேசிவிடாதே.

சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை. இங்கே மூன்று வேளையும் சோறுதான். காலையில் முந்தைய நாள் சோற்றைப் பூண்டு போட்டு வதக்கி, கருவாடு பொரித்து வைப்பார்கள். சினிகாங் என்று ஒரு புளிக்குழம்பு, நம் மீன் குழம்பிலிருந்து மிளகாயையும் மல்லியையும் எடுத்துவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி. காரம் என்ற ஒன்றே இந்த ஊருக்குத் தெரியாது. முருங்கைக்கு மலுங்கை என்று பெயர், கேட்டாலே சொந்தக்காரன் மாதிரி இருக்கிறதா? வீட்டுக்காரப் பாட்டி கீரையை மட்டும் உருவிக் கோழிக் குழம்பில் போடுவார். காய் எல்லாம் மரத்திலேயே முற்றிக் காய்ந்துவிடும். நான் ஒருநாள் ஏறி ஏழெட்டுக் காய் பறித்து சாம்பார் வைத்தேன். நான் காயை வாயில் வைத்து இழுப்பதைப் பார்த்துவிட்டு, இந்தியன் மரக்குச்சி தின்கிறான் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டார். அவரை எல்லோரும் லோலா என்றுதான் கூப்பிடுகிறோம், பாட்டி என்று அர்த்தம். பெரியவர்களிடம் பேசும்போது 'போ' என்று சேர்க்க வேண்டும், நாம் 'ங்க' போடுவதுபோல. முதல் மாதம் எனக்கு அது 'போ, போ' என்று விரட்டுவதுபோலவே கேட்டது.

பல்கலைக்கழகத்துக்கு இப்போது ஜீப்னி வண்டியில் போவதில்லை, நடந்தே போகிறேன். மகிலிங் மலையடிவாரம், மரமும் நிழலுமாக இருக்கும், உடம்புக்கும் நல்லதுதானே. அப்பா வருடா வருடம் போட்ட ஐ.ஆர். 20 இந்த ஊர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவானதுதான், போன தடவையே எழுதினேனா? அந்தப் பக்கம் வரப்பில் நிற்கும்போதெல்லாம், அப்பா பின்னாலிருந்து "மடையைத் திறடா" என்று சத்தம் போடுவதுபோல இருக்கும். மூன்று வருடம் குறுவை இல்லாமல் போன பிறகு இந்தத் தடவை சம்பாவுக்காவது தண்ணீர் வந்ததே. நடவு முடிந்ததா, எத்தனை மா நட்டீர்கள், அதை நீ எழுதவே இல்லை.

பக்கத்து வீட்டுச் சேவல்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆறு சேவல், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கூரை. விடிந்ததும் ஒவ்வொன்றாக மடியில் வைத்துக் குளிப்பாட்டித் துடைத்து, காதோடு காதாக ஏதோ பேசுவார். பெண்டாட்டி உள்ளேயிருந்து பத்துத் தடவை கூப்பிட்டாலும் காதில் விழாது. எங்கள் ஊர்ப் பக்கமும் பொங்கலுக்குச் சேவல் கட்டு உண்டு என்று சொன்ன நாளிலிருந்து என்மேல் தனி மரியாதை. நம் ஊர்க் கோச்சை வழக்கம் அப்படியே இங்கேயும் இருக்கிறது, தோற்ற சேவல் ஜெயித்தவனுக்கு. அவர் ஜெயித்த ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் குழம்பு வரும். அதனால் நானும் அவர் சேவலுக்காக வேண்டிக்கொள்கிறேன். போன மாதம் முழுக்கக் கிண்ணம் வரவில்லை.

போனில் ஒரு படம் பார்த்தேன் என்று ஆரம்பித்தேனே, அட்டை தீர்ந்துபோனதே, அந்தக் கதை இதுதான். லோலாவின் பேரன் மணிலாவிலிருந்து விசிடி கொண்டுவந்தான். மக்னிஃபிகோ என்று பெயர், போன வருடம் வந்த படம், இந்த வருடம் பெர்லின் திரைப்பட விழாவில் குழந்தைகள் பிரிவில் பளிங்குக் கரடி பரிசு வாங்கியிருக்கிறது. லோலாவுக்குப் பரிசெல்லாம் பொருட்டில்லை, அதில் பாட்டியாக வருவது குளோரியா ரொமேரோ, லோலா குமரியாக இருந்தபோது கதாநாயகியாகக் கொடிகட்டிப் பறந்தவர், அதற்காகத்தான் பார்க்க உட்கார்ந்தார். வசனம் எனக்குப் பாதிதான் புரிந்தது, என் டகாலோக் இன்னும் காய்கறிக் கடையைத் தாண்டவில்லை, ஆனால் கதைக்கு மொழி வேண்டியிருக்கவில்லை.

ஏழைக் குடும்பம். அண்ணன்காரன் மணிலாவில் உதவித்தொகையில் படித்தவன், அதை இழந்துவிட்டு வீடு திரும்புகிறான். (அந்த இடத்தில் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பயப்படாதே, எனக்கு அப்படி எதுவும் இல்லை.) பிறந்ததிலிருந்தே கை கால் விளங்காத ஒரு தங்கச்சி. பாட்டிக்குப் புற்றுநோய். இருக்கிற நிலைமையில் கிழவி செத்தால் எடுத்துப் போடப் பணத்துக்கு எங்கே போவது என்று பெரியவர்கள் கவலைப்படுகிறார்கள். வீட்டுச் சின்னப் பையன், அவன்தான் மக்னிஃபிகோ, இதைக் காதில் வாங்கிக்கொண்டு கூட்டாளியைச் சேர்த்துக்கொண்டு பாட்டிக்குத் தானே சவப்பெட்டி செய்ய ஆரம்பித்துவிடுகிறான். வருத்தமாகச் செய்யவில்லை அம்மா, நம் செல்வி பையன் வண்டி செய்கிறேன் என்று நுங்குக் கோந்தையில் குச்சி செருகுவானே, அதே மும்முரம். தங்கச்சிக்குச் சக்கர நாற்காலி கிடைக்கும்வரை அவளை முதுகில் தூக்கிக்கொண்டு திரிகிறான். ஒரே பையனுக்கு இத்தனை நல்ல குணமா, கொஞ்சம் அதிகமாக இல்லையா என்று எனக்குச் சில இடங்களில் தோன்றியதுதான், ஆனால் அந்த முகத்தைப் பார்த்தால் நம்பாமல் இருக்க முடியாது. ஜீரோ மனியோ என்று பெயர். சின்னப் பையன், பெரிய நடிகர்களையெல்லாம் தள்ளிவிட்டு இந்த வருடம் சிறந்த நடிகர் விருது வாங்கியிருக்கிறான்.

இங்கே சாவு என்றால் செலவு சாமான்யமில்லை. உடலைப் பதப்படுத்தி வீட்டிலேயே பெட்டியில் வைத்து, நாலைந்து நாளோ ஒரு வாரமோ ராத்திரி பகலாகக் கண்விழிப்பார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் காப்பி, பிஸ்கட், சோறு. ஒரு பக்கம் சீட்டாட்டம் நடக்கும், அதில் ஒரு பங்கு சாவு வீட்டுக்குப் போகும். நம் மொய் மாதிரியே பணமும் வைப்பார்கள், அபுலோய் என்று பெயர். இந்தக் கணக்கையெல்லாம் படத்தின் நடுவிலேயே லோலா எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார், தன் பெட்டிக்குத் தானே பணம் சேர்த்து வைத்திருப்பதாகவும் சொன்னார். நான் எழுந்து போய் குழாயடியில் கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பி வரும்போது பையன் பலகைக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தான்.

அம்மா, அப்பாயியின் பணத்தைச் சித்தி எடுக்கவில்லை. நான்தான் வாங்கினேன்.

போன வருடம் ஜூனில் நான் புறப்பட்ட அன்று, நீ வாசலில் கார்க்காரரோடு பேசிக்கொண்டிருந்தாய். அப்பாயி என்னை மாட்டுக்கொட்டகைப் பக்கம் கூப்பிட்டு, சுருக்குப்பையைத் திறந்து, மஞ்சள் துணியில் முடிந்த பணத்தை என் சட்டைப்பையில் திணித்தது. நான் திருநீறு என்று உன்னிடம் சொன்னது அதைத்தான். நூறும் ஐம்பதுமாக 4,200 ரூபாய், தபால்காரர் கொண்டுவரும் முதியோர் பணத்தில் சேர்த்தது. அது எதற்கு வைத்திருந்தது என்று நம் வீட்டில் யாருக்குத் தெரியாது. "நான் இன்னும் நாலு வருசம் கெடப்பேன்டா, அதுக்குள்ள குடு. குடுக்க முடியாட்டி சும்மா தூக்கிப் போடுங்க, நானா எழுந்து வந்து கேக்கப் போறேன்?" என்று சொல்லிச் சிரித்தது. உன்னிடம் சொல்லக் கூடாது என்று தலையில் அடித்துச் சத்தியமும் வாங்கிக்கொண்டது. சென்னையில் 90 டாலராக மாற்றினேன். இங்கே வந்த முதல் வாரமே அறை முன்பணத்தில் கரைந்துவிட்டது. அப்புறம் மாதா மாதம் எடுத்து வைக்கிறேன், மாதா மாதம் ஏதோ ஒன்று வந்துவிடுகிறது.

நீ எழுதியிருந்தாய், பணம் எங்கே என்று கேட்டால் அப்பாயி "எனக்கு ஞாபகம் இல்லை" என்று கூரையைப் பார்க்கிறது என்று. ஞாபகம் எல்லாம் நன்றாக இருக்கிறது, அம்மா. எனக்காகப் பைத்தியக்காரி மாதிரி நடிக்கிறது. சித்தி வந்துபோன மறுநாள்தான் காணவில்லை என்று நீ அடித்துச் சொல்கிறாய், சித்தி நம் வாசல் மிதிப்பதையே விட்டுவிட்டது, நான் இங்கே சாம்பார் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

முந்தாநாள் நவம்பர் 1, இங்கே கல்லறைத் திருநாள். ஊரே சோறு, பாய், குழந்தை குட்டியோடு கல்லறைக்குப் போய் ராத்திரி முழுக்க இருக்கும். லோலாவோடு நானும் போனேன். பையன்கள் உருகி வழியும் மெழுகைச் சுரண்டிச் சுரண்டி உருண்டை பிடிப்பார்கள், எடைக்கு விற்கலாம். காலையில் எங்கள் தெருவில் பான் தெசால் ரொட்டி விற்கிற பையனும், ஒன்பது வயது இருக்கும், தேங்காய் அளவு உருண்டையோடு வந்து, "குயா, உங்கள் ஆள் எங்கே?" என்று கேட்டான். குயா என்றால் அண்ணன். இங்கே யாரும் இல்லை, தூரம் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எங்கேயோ ஓடி, பாதி எரிந்த மெழுகுவர்த்தி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்து, நடுவில் நிற்கிற பெரிய சிலுவைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனான். தூரத்தில் புதைத்தவர்களுக்கு அங்கேதான் ஏற்றுவார்களாம். அப்பாவைப் புதைக்கவில்லை, எரித்தோம் என்று அவனுக்கு எப்படிச் சொல்வது? ஏற்றினேன். காற்றில் இரண்டு தடவை அணைந்தது, இரண்டு தடவையும் அவனே கையால் மறைத்துப் பற்றவைத்துக் கொடுத்தான். நம் வீட்டுத் திண்ணை, அப்பா துண்டை உதறிப் போட்டு உட்காருவது, எல்லாம் வந்துவிட்டது. அணைந்த பிறகு மீதி மெழுகு தனக்கு வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் கொடுத்தான் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

சரி. டிசம்பர் கடைசியில் கோயம்புத்தூர் நண்பர் ஊருக்கு வருகிறார், அவரிடம் 2,000 ரூபாய் கொடுத்துவிடுகிறேன். மீதி 2,200 மாசிக்குள். இரண்டையும் அப்பாயி கையிலேயே கொடு, நீ வாங்கி வைக்காதே, நகைக்கடன் வட்டிக்கும் எடுக்காதே. வட்டிக்கு வேறு வழி பார்க்கிறேன், தை பிறப்பதற்குள் கட்டினால் போதும்தானே?

செல்வி பையன் காதுகுத்துக்கு என்னால் வர முடியாது. டிக்கெட் கிடைக்கவில்லை என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிக்கொள். சட்டை துணி, ஒரு கிராம் தோடு, இரண்டும் என் கணக்கில் எடு, சீர்த் தட்டு குறையக் கூடாது. மடியில் உட்காரவைக்க மாமன் வேண்டுமே, சித்தி மகன் குமார் உட்காரட்டும். அவனும் செல்விக்குத் தம்பிதான். ஆனால் அதற்கு நீதான் வெற்றிலை பாக்கோடு சித்தி வீட்டுக்குப் போக வேண்டும், செல்வியை அனுப்பிவிட்டு நீ வீட்டில் இருந்துகொள்ளாதே. போகும்போது இந்தக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு போ. நீயாகச் சொல்ல உனக்கு வாய் வராது, எனக்குத் தெரியும். படிக்கக் கொடுத்துவிடு.

அப்பாயியிடம் படத்துக் கதையைச் சொல், அந்தப் பையன் பெட்டி செய்கிற வரைக்கும் மட்டும். முடிவைக் கேட்டால் விசிடி கீறிப்போய் நின்றுவிட்டது என்று சொல்.

அன்பு மகன்
ராஜா

பி.கு: சாம்பார்ப் பொடி அனுப்பாதே, தபால் செலவு பொடியைவிட அதிகம். நண்பர் திரும்பி வரும்போது அரைக் கிலோ கொடுத்துவிட்டால் போதும். மிளகாய் கூடுதலாக.