சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி: மும்பையின் தமிழ் இன்சார்ஜ் சிஸ்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

மும்பை மருத்துவமனைகளில் வார்டு இன்சார்ஜாகவும் மேட்ரனாகவும் இருக்கும் தமிழ்ச் சகோதரிகளுக்கு,

வணக்கம். நானும் உங்களில் ஒருத்திதான். 2009இல் ஜிஎன்எம் நர்சிங் டிப்ளமோ முடித்த கையோடு நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கியவள். இப்போது ஒரு மெடிக்கல் வார்டுக்கு இன்சார்ஜ்.

சில மாதங்களுக்கு முன் ஒரு காலை, பெட்ஷீட் கணக்கெடுக்க லினன் ரூமுக்குப் போனேன். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பெண் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தாள். "அம்மா, நான் ஊருக்கே வந்துடுறேன்மா." தென்காசிப் பக்கத்துப் பெண், வேலைக்கு வந்து மூன்றாவது வாரம். என்னைப் பார்த்ததும் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சாரி சிஸ்டர், பெட்ஷீட் எடுக்க வந்தேன்" என்றாள்.

அவளை அழவைத்தது நான்தான். அரைமணி நேரம் முன்னால் ரவுண்ட்ஸில் டாக்டர் ஒரு நோயாளியின் சிறுநீர் அளவைக் கேட்டார். சார்ட்டில் ராத்திரி பூராவும் காலியாக இருந்தது. டாக்டர்கள், நோயாளிகள், கூட இருந்த சொந்தக்காரர்கள், மாவ்ஷிகள் என்று இங்கே கூப்பிடும் ஆயாக்கள், எல்லார் முன்னாலும் நான் கேட்டேன்: "உனக்கெல்லாம் யார் சர்டிபிகேட் கொடுத்தது?"

நான் திட்டியதைவிட, அவள் சொன்ன அந்தச் சின்னப் பொய்தான் என்னை ரொம்ப நேரம் உறுத்தியது. மூன்றே வாரத்தில் என்னிடமிருந்து ஒளியக் கற்றுக்கொண்டுவிட்டாள். எனக்கு அது தெரிந்த பாடம். அதே கேள்வியை, ஏறக்குறைய அதே வார்த்தைகளில், நானும் ஒருநாள் வாங்கியிருக்கிறேன்.

அது வேறொரு மருத்துவமனை, என் முதல் வருடம். நைட் டியூட்டியில் ஒரு பெரியவருக்கு 16 யூனிட் இன்சுலின் போட வேண்டியிருந்தது. நம் நாட்டு வார்டுகளில் அதிகம் புழங்குவது மில்லிக்கு 40 யூனிட் இன்சுலின் என்பது உங்களுக்குத் தெரியும். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. மில்லிக்கு 100 யூனிட் உள்ள இன்சுலினுக்கு ஆரஞ்சு மூடி. அன்று பெரியவரின் மகன் வெளி மெடிக்கலிலிருந்து வாங்கிவந்த குப்பி 100 யூனிட். என் கையில் இருந்தது, தினமும் எடுத்துப் பழகிய சிவப்பு மூடி. கோட்டைப் பார்த்து 16 வரை இழுத்தேன். அந்தக் கோடு 0.4 மில்லி; 100 யூனிட் குப்பியிலிருந்து உள்ளே போனது 40 யூனிட்.

விடியற்காலை நாலு மணிக்கு மாவ்ஷி ஓடிவந்து கூப்பிட்டார். பெரியவருக்குச் சட்டையெல்லாம் வியர்வை, கையெல்லாம் ஜில்லென்று இருந்தது, கூப்பிட்டால் பேச்சு குழறுகிறது. குளுக்கோமீட்டரில் சர்க்கரை 46, ரொம்பக் குறைவு. டியூட்டி டாக்டர் வந்து 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ், ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் கண் திறந்து என்னைப் பார்த்தார். நான் போய்க் குப்பியை எடுத்துப் பார்த்தேன். விஷயம் புரிந்தது. காலையில் இன்சார்ஜ் வந்ததும் நானே போய்ச் சொன்னேன்.

வார்டு நடுவில் வைத்துக் கேட்டார்கள். பெரியவரின் மகன் கேட்டுக்கொண்டிருந்தார். மெமோ கொடுத்தார்கள். என்மேல் தப்பு இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காலையில் ஒரு சிரிஞ்சை எப்படிப் பார்ப்பது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்பதை மட்டும் கற்றுக்கொண்டேன்.

அதன் விளைவை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. இங்கே சொல்கிறேன். இரண்டு மாதம் கழித்து ஒரு ராத்திரி, இரண்டு மணி ஆன்டிபயாட்டிக் டோஸ் ஒன்று விட்டுப்போனது. காலையில்தான் கவனித்தேன். சார்ட்டில் டிக் போட்டு, கையெழுத்தும் போட்டேன். அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் டாக்டருக்குக் காரணமே தெரிந்திருக்காது.

1990களில் அமெரிக்காவில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனை வார்டுகளில் மருந்துப் பிழைகளைக் கணக்கெடுத்தார். நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள வார்டில் பிழைகள் குறைவாக இருக்கும் என்றுதான் அவர் எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது. அப்படிப்பட்ட வார்டுகளில்தான் அதிகம் பதிவாகியிருந்தது. தோண்டிப் பார்த்தால், அங்கே நர்சுகள் பயமில்லாமல் வாய்திறந்து சொன்னார்கள். கடுமையான இன்சார்ஜ் இருந்த இடங்களில் மூடி மறைத்தார்கள். இதைப் படித்தபோது நான் போட்ட அந்த டிக்தான் ஞாபகம் வந்தது. "என் வார்டில் தப்பே நடப்பதில்லை" என்று மீட்டிங்கில் பெருமையாகச் சொல்லும்போது, நம் காதுக்கு எதுவும் வருவதில்லை என்பதும் அதற்குக் காரணமாக இருக்கலாம், சகோதரிகளே.

அன்பாக இருந்தால் ஒழுங்கு போய்விடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். எனக்கு ஒழுங்கு கற்றுக்கொடுத்தவர் ஒரு மலையாளி சேச்சி. மெமோ வாங்கிய பிறகு எனக்கு விழுந்த முதல் நைட்டில், பத்து மணி மருந்தெல்லாம் கொடுத்து முடித்ததும் என்னை நர்சிங் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார். சிவப்பு மூடி ஒன்று, ஆரஞ்சு மூடி ஒன்று. வாட்டர் ஆம்ப்யூல் ஒன்றை உடைத்து, "ரெண்டுலயும் 16 வரை இழு" என்றார். இழுத்தேன். "இப்போ பக்கத்துல பக்கத்துல பிடி." டேபிள் லைட் வெளிச்சத்தில் பார்த்தேன். ஒன்றில் 0.4 மில்லி தண்ணீர், இன்னொன்றில் அதில் பாதிகூட இல்லை. சேச்சி ஒன்றும் விளக்கவில்லை. "எனக்கும் ஒரு தடவை ஆயிருக்கு மோளே. இனிமே முதல்ல குப்பியைப் படி, அப்புறம் சிரிஞ்சை எடு" என்றார். அவ்வளவுதான், பத்து நிமிடம். இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட அந்த வரிசை எனக்கு மாறியதில்லை.

இந்த ஊர் நர்சுகளுக்கு இரக்கத்தைப் பற்றி யாரும் வெளியிலிருந்து வந்து பாடம் எடுக்கத் தேவையில்லை. பரேலில் கே.இ.எம். மருத்துவமனை நர்ஸ் அருணா ஷான்பாக் 1973 நவம்பர் 27 அன்று பணியிடத்திலேயே தாக்கப்பட்டார். அதன்பின் அவர் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. 2015 மே 18 அன்று இறக்கும்வரை, 41 வருடங்களுக்கு மேல், அங்குள்ள நர்சுகள்தான் அவருக்கு ஊட்டிவிட்டார்கள், குளிப்பாட்டினார்கள், புரட்டிப் படுக்கவைத்தார்கள். அத்தனை வருடம் படுத்திருந்த உடம்பில் படுக்கைப்புண் வராமல் காப்பது எவ்வளவு பெரிய வேலை என்று நமக்குத்தான் தெரியும். அதைச் செய்தார்கள். அவரைக் கருணைக்கொலை செய்ய அனுமதி கேட்ட வழக்கின் 2011 தீர்ப்பில் உச்ச நீதிமன்றமும் அவர்களை மனதாரப் பாராட்டியது. கடைசி வருடங்களில் அவரைப் பார்த்துக்கொண்ட பெண்களில் பலர் 1973இல் பிறந்திருக்கவே மாட்டார்கள். புதிதாக வரும் மாணவிகளை சீனியர்கள் அவரிடம் அழைத்துப்போய், இவர் நம்மில் ஒருவர் என்று சொல்லி அறிமுகம் செய்துவைப்பார்களாம். அப்படிக் கைமாறி வந்த பராமரிப்பு அது. படுத்திருக்கும் ஒரு நர்சுக்கு இவ்வளவு செய்யத் தெரிந்த நாம், பக்கத்தில் நிற்கும் 22 வயதுப் பெண்ணிடம் ஏன் இப்படி நடந்துகொள்கிறோம்?

நம் கஷ்டமும் எனக்குத் தெரியும். பொருள் கேட்டு எழுதும் இன்டென்ட், ஸ்டாக், லினன், ஆடிட் ஃபைல், மேலிருந்து வரும் போன். சீனியாரிட்டிப்படி ஒருநாள் சாவிக்கொத்தைக் கையில் கொடுத்து, நீதான் இன்சார்ஜ் என்கிறார்கள். ஆட்களை எப்படி நடத்துவது என்று ஒருமணி நேர வகுப்புகூட எனக்கு யாரும் எடுக்கவில்லை. நமக்கு எப்படிச் செய்தார்களோ அதையே நாமும் செய்கிறோம். மேட்ரன்களே, முதலில் இதை மாற்ற உங்களால் முடியும். ஒருவரை இன்சார்ஜ் ஆக்கும்முன் ஒரு மாதமாவது நல்ல இன்சார்ஜ் ஒருவரோடு நிழல்போல இருக்கவையுங்கள்.

சம்பளம் பெரும்பாலும் நம் கையில் இல்லை. உச்ச நீதிமன்றம் 2016இல் சொல்லி அமைக்கப்பட்ட குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று பரிந்துரைத்தது. அது எங்கெல்லாம் காகிதத்திலேயே நிற்கிறது என்று உங்களுக்கே தெரியும். டியூட்டி ரோஸ்டர் நம் கையில் இருக்கிறது. நான் கேட்பதெல்லாம் அதைப் பற்றித்தான்.

இந்திய நர்சிங் கவுன்சில் நெறிமுறைப்படி, பொது வார்டில் 5 நோயாளிக்கு ஒரு நர்ஸ், கல்லூரி மருத்துவமனை என்றால் 3 பேருக்கு ஒரு நர்ஸ். நடைமுறையில் நாம் அதைக் கனவில்தான் பார்க்கிறோம். அந்தப் பற்றாக்குறையில் புதுப்பெண்ணையும் வந்த அன்றே ஒரு தலையாக எண்ணிவிடுகிறோம். முதல் மூன்று மாதமாவது அவளை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். ஒரு சீனியரின் பெயரை அவள் பெயருக்குப் பக்கத்தில் எழுதி, இருவருக்கும் ஒரே ஷிப்ட் போடுங்கள். அந்த சீனியருக்கு நோயாளிகளைக் குறைத்துக் கொடுங்கள். பத்துப் பன்னிரண்டு பேரைத் தலையில் கட்டிவிட்டு, கூடவே இவளையும் பார்த்துக்கொள் என்றால் அவர் என்னதான் செய்வார்? பாவம், அவரும் கத்தத்தான் செய்வார்.

ஆள் இல்லை என்று ஆர்த்தோ வார்டு நர்சை ஒரு ராத்திரிக்கு ஐசியுவுக்கு அனுப்பும்போதும் இதை நினைத்துக்கொள்ளுங்கள். நர்சுகள் திறமை பெறுவதை ஐந்து படிகளாகப் பிரித்து 1984இல் எழுதிய பாட்ரிசியா பென்னர், எவ்வளவு அனுபவம் உள்ளவரும் பழக்கமில்லாத பிரிவுக்குப் போனால் முதல் படியில்தான் நிற்பார் என்கிறார். பத்து வருட சர்வீஸ் உள்ளவருக்கே இந்தக் கதி என்றால், மராத்தியும் தெரியாத, ஹிந்தியும் தட்டுத்தடுமாறும் தென்காசிப் பெண்ணை யோசித்துப் பாருங்கள். நைட் ரோஸ்டர் போடும்போது கல்யாண், பன்வேல் என்று தூரத்திலிருந்து லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டு வருபவர்களையும்தான்.

லினன் ரூமில் அன்று அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த ரவுண்ட்ஸிலும் கேட்டேன், எல்லார் முன்னாலும். திட்டியது அவர்கள் முன்னால்தானே. முதலாவது சுலபமாக இருந்தது. இரண்டாவதற்கு முந்தின ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. அதற்குப் பிறகு அவளை ஒரு சீனியரோடு சேர்த்துப் போட்டேன். இன்சுலின் சிரிஞ்சு இரண்டையும் நானே உட்கார்ந்து காட்டினேன்.

போன வாரம் காலை ஹேண்டோவரில், நான் கேட்காமலே சொன்னாள்: "அக்கா, ஏழாம் பெட்டுக்குப் பத்து மணி பிபி மாத்திரையைப் பதினொன்றரைக்குத்தான் கொடுத்தேன். சார்ட்டிலும் பதினொன்றரைன்னுதான் எழுதியிருக்கேன்."

"சரி, என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

அதே நேரத்தில் இரண்டு புது அட்மிஷன், ஒருவருக்கு வாந்தி, மருந்து டிராலி ஒன்றுதான், அது வார்டின் அந்தக் கோடியில் மாட்டிக்கொண்டது என்றாள். இன்னொரு டிராலிக்கு அன்றைக்கே இன்டென்ட் போட்டிருக்கிறேன். இன்னும் வரவில்லை. ஸ்டோருக்கு தினமும் போன் செய்துகொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி,
மும்பை