டிக்கெட் விழாத டிரங்க் கால்

அன்புள்ள பெரியம்மா,

இதைக் காலையில் காபி குடித்துவிட்டுப் படியுங்கள். ராத்திரி தூக்க மாத்திரை போட்ட பிறகு படித்தீர்கள் என்றால் நான் மறுபடியும் எழுத வேண்டியிருக்கும். கோபித்துக்கொள்ளாதீர்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. "பேர் போடாம எழுதிக்கோ" என்று எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுத நீங்கள் அனுமதி கொடுத்தது காலை பதினோரு மணிக்கு. அதனால் அது உங்களுக்கு நினைவிருக்கும்.

போன செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு எனக்கு போன் செய்தீர்கள். இருபது நிமிடம் பேசினோம். உறையூர் வீட்டு மாடியை வாடகைக்கு விடலாமா, ஒத்திக்கு விடலாமா என்று கேட்டீர்கள். "ஒத்தி வேண்டாம்டா, காலி பண்ணும்போது மொத்தமா பணம் புரட்டணும்" என்று முடிவும் நீங்களே சொன்னீர்கள். பேச்சில் தடுமாற்றம் இல்லை, கணக்கில் பிசகு இல்லை. மறுநாள் காலை போன் செய்து, மாடியை ஒத்திக்கு விடலாமா என்று முதலிலிருந்து ஆரம்பித்தீர்கள். நேற்றுப் பேசினோமே என்றதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் "ஆமா, பேசினோம்ல" என்றீர்கள். எனக்காகச் சொன்ன பொய் அது.

அண்ணன் "வயசாயிடுச்சு" என்கிறான். அண்ணிக்கு அல்சைமர் என்ற மறதி நோயாக இருக்குமோ என்று பயம். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை சும்மா பேச்சுக் கொடுத்தபோது, வெளியூர் போன்களை இணைத்துவிடும் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த காலத்து ஐந்து இலக்க நம்பர்களை வரிசையாகச் சொன்னீர்கள். நகைக்கடை, அரிசி மண்டி, இரண்டு வக்கீல்கள் வீடு. போன வாரக் கல்யாணத்தில் யார் யார் வந்தார்கள் என்பதையும் சொன்னீர்கள். அது பகல் கல்யாணம். தவறிப்போவதெல்லாம் ராத்திரி ஒன்பதரைக்கு மேல் நடந்தவை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒன்பதரைதான் நீங்கள் மாத்திரை போடும் நேரம்.

டிரங்க் கால் போட்டால் ஆபரேட்டர் டிக்கெட் எழுத வேண்டும் என்று நீங்கள்தான் எனக்குச் சொல்லித் தந்தீர்கள். யார் யாரைக் கூப்பிட்டார்கள், எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிந்தது, எல்லாம் அந்தத் துண்டுத் தாளில். லைன் கிடைத்துப் பேசி முடித்தாலும் டிக்கெட் விழாவிட்டால் அந்தக் கால் நடந்ததற்குச் சாட்சி கிடையாது. உங்கள் செவ்வாய்க்கிழமை போனும் அப்படித்தான். பேச்சு நடந்தது, டிக்கெட் விழவில்லை.

நீங்கள் போடும் அல்பிரசோலம், பென்சோடயசெபின் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. வேலியமும் அதே குடும்பம்தான், 1963இல் வந்தது. மூளையில் காபா என்று ஒரு ரசாயனம், நரம்புகளின் பரபரப்பை அடக்குகிற வேலை அதற்கு. இந்த மாத்திரை அதற்குக் கூடுதல் பலம் கொடுக்கிறது. தூக்கம் வருவது அதனால்தான். ஆனால் நடப்பதை நினைவாக எழுதிவைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியும் கூடவே அடங்கிப்போகிறது. பழைய டிக்கெட்டுகளுக்கு ஒன்றும் ஆவதில்லை, புதிதாக எழுத ஆள் இல்லை, அவ்வளவுதான். அண்ணனுக்கு இது நம்பிக்கையில்லை. அவனுக்கே எண்டோஸ்கோபி எடுத்தபோது மிடசோலம் ஊசி போட்டார்களே, அதுவும் இதே குடும்பம். குழாய் வாயில் நுழைந்ததுகூட அவனுக்கு நினைவில்லை. "திரும்பிப் படுங்க" என்றதும் சரி என்று சொல்லித் திரும்பிப் படுத்திருக்கிறான். ஆஸ்பத்திரியில் அந்த மறதி ஒரு வசதி. வீட்டில் ராத்திரிதோறும் வந்தால்?

இதில் என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். பெரியப்பா காரியம் முடிந்த வாரம் நீங்கள் கண் மூடவே இல்லை. டாக்டர் பாயிண்ட் டூ ஃபைவ் மில்லிகிராம் மாத்திரை பத்து நாளைக்கு எழுதினார். அன்றைக்கு அது தேவைதான், அவரைக் குறை சொல்ல மாட்டேன். பதினோராவது நாள் அதே சீட்டை எடுத்துக்கொண்டு மெடிக்கலுக்குப் போனவன் நான். அடுத்த வருடம் பாயிண்ட் ஃபைவ் ஆயிற்று, பழைய அளவுக்கு உடம்பு பழகிவிட்டதல்லவா. சீட்டு கிழிந்துபோன பிறகு கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தே அட்டையை எடுத்து வைத்துவிடுவார். இந்த மாத்திரை 2014 முதல், டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத ஷெட்யூல் எச்1 பட்டியலில் இருக்கிறது. எழுதிக் கொடுத்த டாக்டர் பெயர், நோயாளி பெயர், எத்தனை மாத்திரை என்று தனிப் பதிவேட்டில் குறித்து, மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அட்டையிலேயே சிவப்புக் கட்டம் போட்டு, டாக்டர் சொல்லாமல் சாப்பிட்டால் ஆபத்து என்று பொடி எழுத்தில் இருக்கிறது. எட்டு வருடம் வாங்கியும் போன வாரம்தான் கண்ணாடி போட்டுக்கொண்டு அதைப் படித்தேன்.

அன்றைக்கு உங்கள் அலமாரியில் இருந்த அட்டையையும் எண்ணிப் பார்த்தேன், மன்னியுங்கள். வாங்கி ஆறு நாள், எட்டுக் குழி காலி. போட்டதை மறந்து இரண்டு ராத்திரி மறுபடியும் போட்டிருக்கிறீர்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது இதுதான். மார்கழியில் பாத்ரூம் வாசலில் சறுக்கினீர்களே, அதையும் தரை ஈரம் என்று விட்டுவிட்டோம். வயதானவர்களுக்கு இந்த வகை மாத்திரைகளைக் கூடியவரை தவிர்க்கச் சொல்லி அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பட்டியலே இருக்கிறது. மறதி, விழுந்து எலும்பு முறிவது இரண்டும் அதில் சொல்லப்படும் காரணங்கள். நம் வயதில் வேகமாக வெளியேறும் மருந்து உங்கள் வயதில் மெதுவாகத்தான் போகும். அல்பிரசோலத்தில் பாதி வெளியேறவே முதியவர்களுக்குச் சராசரியாகப் பதினாறு மணி நேரம். ஒன்பதரைக்குப் போட்டதில் பாதி மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்திலும் உள்ளே இருக்கிறது. காலையில் தலை கனமாக இருப்பதற்கும் குக்கர் விசிலை எண்ண மறப்பதற்கும் அது காரணமாக இருக்கலாம்.

அண்ணியின் பயத்துக்கும் ஒரு வார்த்தை. கனடாவின் கியூபெக் மாகாணப் பதிவுகளை வைத்து 2014இல் வந்த ஆய்வில், மூன்று மாதத்துக்கு மேல் இவற்றைச் சாப்பிட்டவர்களிடம் அல்சைமர் கூடுதலாகத் தெரிந்தது. 2016இல் அமெரிக்காவின் சியாட்டிலில் முதியவர்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வில், மிக அதிகமாகச் சாப்பிட்டவர்களுக்கு அந்த ஆபத்து கூடவில்லை. மறதி நோய் வெளியே தெரியுமுன்பே தூக்கம் கெடுவது உண்டு. அதற்காக மாத்திரை போட்டிருந்தால், எது முன்னால் எது பின்னால் என்று பிரிப்பது கஷ்டம். ஆகவே மாத்திரையால் அல்சைமர் வரும் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். ராத்திரி நினைவு பதியாமல் போவதும் பகல் மந்தமும் வேறு விஷயம், அதில் டாக்டர்களுக்குள் சண்டை கிடையாது.

இதைப் படித்துவிட்டு இன்றைக்கே அட்டையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், பெரியம்மா. உங்கள் வீம்பு எனக்குத் தெரியும். எட்டு வருட மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தினால் தூக்கம் முன்னைவிட மோசமாகக் கெடும், கை நடுங்கும், வலிப்புகூட வரலாம். கொஞ்சம் கொஞ்சமாக, டாக்டர் சொல்கிற அளவில்தான் குறைக்க வேண்டும். முடியுமா என்று கேட்பீர்கள். அதே கியூபெக்கில் 65 வயதைத் தாண்டிய, வருடக்கணக்காக இவற்றைச் சாப்பிட்டு வந்தவர்களின் வீட்டுக்கு ஒரு சிறு புத்தகத்தைத் தபாலில் அனுப்பினார்கள். மாத்திரை என்ன செய்கிறது, எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்று முழு மாத்திரை, அரை, கால் படம் போட்டு 21 வாரத்துக்கான அட்டவணை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், புத்தகம் கிடைத்தவர்களில் நூற்றுக்கு 27 பேர் முழுக்க விட்டிருந்தார்கள். கிடைக்காதவர்களில் 5 பேர். தபாலில் வந்த காகிதத்துக்கே இவ்வளவு என்றால் இந்தக் கடிதத்துக்கும் கொஞ்சம் பலன் இருக்காதா என்று ஒரு நப்பாசை.

இன்னொன்று, நீங்கள் எட்டரைக்கு சீரியல் முடிந்ததும் படுக்கையில் சாய்ந்து ஐந்தரை வரை ஒன்பது மணி நேரத் தூக்கம் எதிர்பார்க்கிறீர்கள். மதியம் ஒரு மணி நேரம் வேறு. எழுபத்தொரு வயதில் அவ்வளவு தூக்கம் யாருக்கு வரும்? நைட் டியூட்டி பார்த்த காலத்தில் நாலு மணி நேரம் தூங்கிவிட்டு எங்களுக்கு இட்லி வார்த்தவர் நீங்கள். தூக்கம் வந்தால் மட்டும் படுப்பது, வராவிட்டால் எழுந்து வந்து உட்காருவது, எப்போது தூங்கினாலும் ஒரே நேரத்துக்கு எழுவது. நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் இந்தப் பயிற்சிதான், மாத்திரை அப்புறம் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற டாக்டர்கள் சங்கம் 2016லேயே சொல்லிவிட்டது.

வியாழக்கிழமை பத்தரைக்கு டோக்கன் போட்டிருக்கிறேன், வேறு டாக்டர். பி12, தைராய்டு இரண்டும் பார்க்கச் சொல்வார், அவை குறைந்தாலும் மறதி வரும். அரிப்புக்கு நீங்களாகப் போடும் அவிலையும் மறைக்காமல் சொல்லுங்கள், அதுவும் மந்தத்தைக் கூட்டும். அட்டையோடு வாருங்கள், நான் ஒன்பதரைக்கே வந்துவிடுகிறேன்.

வரும்போது ஒரு கோடு போட்ட நோட்டும் கொண்டுவருகிறேன். தேதி, மணி, எத்தனை மாத்திரை, ராத்திரி யாரோடு என்ன பேசினீர்கள், நாலே பத்தி. பேசி முடித்து போனை வைத்த கையோடு எழுதிவிடுங்கள். டிக்கெட் எழுதுவது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லவா?

உங்கள்
சின்னவன்