ரத்தக் கிருமித் தொற்றுக்கும் பிசிஆர் சோதனை தேவை

ஐயா,

ரத்தத்தில் கிருமி பரவியதாகச் சந்தேகம் எழுந்தால், கல்ச்சர் புட்டியில் ரத்தம் எடுத்து, கிருமி வளர்கிறதா என்று ஒன்றிரண்டு நாளாவது காத்திருப்பதே நம் மருத்துவமனைகளின் வழக்கம். சென்ற ஆண்டு என் அண்ணனுக்கு ஆன்டிபயாடிக் இரண்டு வேளை ஏற்றிய பிறகே ரத்தம் எடுத்தார்கள். ஐந்தாம் நாள் வந்த தாளில் 'வளர்ச்சி இல்லை' என்றிருந்தது, காய்ச்சலோ 103 டிகிரியில் நின்றது.

மருந்தால் முடங்கிய கிருமி புட்டியில் வளராமல் போகலாம். ஆனால், அதன் மரபணுத் துணுக்கைப் பன்மடங்கு பெருக்கிக் காட்டும் பிசிஆர் முறை, எந்தக் கிருமி என்பதையும் மெக்-ஏ போன்ற மருந்து எதிர்ப்பு மரபணு இருக்கிறதா என்பதையும் சில மணி நேரத்தில் காட்டக்கூடியது. இறந்த கிருமியின் எச்சத்தையும் தோலிலிருந்து ஒட்டிய கிருமியையும்கூட அது காட்டிவிடும் என்பதாலும், எந்தெந்த மருந்து கேட்கும் என்று முழுமையாகச் சொல்லாது என்பதாலும், கல்ச்சரைக் கைவிட முடியாது. இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

கொரோனா காலத்தில் வாங்கிய பிசிஆர் கருவிகள் அரசு மருத்துவக் கல்லூரிகளில் இருக்கின்றன. தேவையான சோதனைப் பொருட்களையும் இரவுப் பணியாளர்களையும் தந்து, ஒரு மில்லி ரத்தம் எடுப்பதே பெரும்பாடாக இருக்கும் பச்சிளங்குழந்தைகள் பிரிவிலிருந்தாவது சுகாதாரத் துறை இதைத் தொடங்க வேண்டும்.

– வாசகர், திருச்சி