மக்களவைக்கு 39 இருக்கட்டும், சட்டமன்றத்துக்கு 234 போதாது

தமிழ்நாட்டின் அரசியல் கட்சித் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர்களே,

வணக்கம். 2025 மார்ச் 5-ஆம் தேதி நடந்த அனைத்துக் கட்சிக் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கும் அதைப் புறக்கணித்தவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். சோழிங்கநல்லூர் தொகுதியில் ஓட்டு வைத்திருப்பவன் நான். மக்களவை இடங்களின் எண்ணிக்கை 1971 மக்கள்தொகைக் கணக்கின்படியே இன்னும் 30 ஆண்டு தொடர வேண்டும் என்று அன்று தீர்மானம் போட்டீர்கள். குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலத்துக்கு அதற்காகவே டெல்லியில் குரல் குறையக் கூடாது. இதில் எனக்கு மறுபேச்சே இல்லை.

என் கவலை வேறு. மக்களவைக்காக நீங்கள் கேட்கும் பூட்டு சட்டமன்றத்துக்கும் சேர்த்தே விழுந்துவிடும் என்பதுதான் அது.

இதற்கு முன் அப்படித்தான் விழுந்திருக்கிறது. 1976-இல் 42-ஆவது திருத்தம் மக்களவை இடங்களை உறையவைத்தபோது, அரசமைப்பின் 170-ஆவது பிரிவையும் சேர்த்துத் திருத்தி மாநிலச் சட்டமன்ற இடங்களையும் உறையவைத்தது. 84-ஆவது திருத்தம் 2026-க்குப் பின் வரும் முதல் கணக்கெடுப்பு வரை காலத்தை நீட்டியபோதும் இரண்டும் ஒன்றாகவே நீண்டன. 1967-இல் 234 ஆன நம் சட்டமன்றம் அதே 234-இல் நிற்பதற்கு இதுதான் காரணம். உத்தரப் பிரதேசத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் நடுவே உள்ள வழக்கில், எங்கள் மேடவாக்கத்துக்கும் சென்னைத் துறைமுகம் தொகுதிக்கும் நடுவே உள்ள கணக்கு யார் கண்ணிலும் படவில்லை.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். 2021 தேர்தலுக்கான பட்டியலில் சோழிங்கநல்லூரில் ஏறத்தாழ 6.9 லட்சம் வாக்காளர்கள் இருந்தார்கள். மாநிலத்திலேயே பெரிய தொகுதி. அதே சென்னையின் துறைமுகம் தொகுதி 1.8 லட்சத்தை எட்டவில்லை. இரண்டுக்கும் ஆளுக்கொரு எம்எல்ஏ. தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், இரண்டுக்கும் ஒன்றுதான். தலைக்கு வகுத்தால் துறைமுகத்து வாக்காளருக்குச் சுமார் 170 ரூபாய், எங்களுக்கு 43. 2022-இல் ‘உங்கள் தொகுதியில் முதலமைச்சர்’ திட்டத்துக்காகத் தொகுதிக்குப் பத்துக் கோரிக்கைகள் கேட்டபோதும் எல்லாருக்கும் அதே பத்துதான். வேட்பாளரின் செலவு வரம்பும் எல்லாத் தொகுதிக்கும் 40 லட்சம். அந்த வரம்பை யார் மதிக்கிறார்கள் என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. மதிக்க நினைக்கும் சுயேச்சை ஒருவர் எங்கள் தொகுதியில் அந்தப் பட்டியலின்படி வாக்காளருக்கு ஆறு ரூபாய்கூடச் செலவழிக்க முடியாது.

துறைமுகத்தின் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அங்கே ஆள் குறைந்து இங்கே பெருகியது தானாக நடந்ததல்ல, அதைத்தான் சொல்ல வருகிறேன். மென்பொருள் நிறுவனங்கள் வந்ததால் பழைய மகாபலிபுரம் சாலை (ஓஎம்ஆர்) பெருத்தது என்பது பாதிக் கதை. மீதிப் பாதியில் அரசின் கை இருக்கிறது. கூவம், அடையாறு கரைகளிலும் கடற்கரையிலும் குடிசை போட்டிருந்த குடும்பங்களை 2000-த்திலிருந்து கண்ணகி நகருக்கும், பிறகு செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் வண்டி வண்டியாகக் கொண்டுவந்து இறக்கியது அரசு. 2015 வெள்ளத்துக்குப் பின் இன்னும் வேகமாக இறக்கியது. பெரும்பாக்கத்தில் மட்டும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எழும்பின. இங்கே வந்தவர்களின் பழைய முகவரி நடுச் சென்னையில் இருந்தது. வீட்டை மாற்றினார்கள், ரேஷன் அட்டையை மாற்றினார்கள், பிள்ளைகளின் பள்ளியை மாற்றினார்கள். அவர்கள் பங்குக்கான சட்டமன்ற இடம் மட்டும் நடுச் சென்னையிலேயே தங்கிவிட்டது.

2008 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தொகுதி மறுவரையறையில்தான் சோழிங்கநல்லூர் என்ற தொகுதியே பிறந்தது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையம் 2001 கணக்கெடுப்பை வைத்துக் கோடு போட்டது. அப்போது மாநில மக்கள்தொகை 6.24 கோடி. 234-ஆல் வகுத்தால் தொகுதிக்குச் சுமார் 2.67 லட்சம் பேர், குழந்தைகள் உட்பட. ஆணையம் தப்பாகப் போடவில்லை, அன்றைக்கு அது சரி. இந்தப் பகுதியின் பல ஊராட்சிகளும் பேரூராட்சிகளும் 2011-இல்தான் சென்னை மாநகராட்சிக்குள் வந்தன. மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனபோது, வார்டுகளை 155-லிருந்து 200 ஆக்கத் தயக்கம் இருக்கவில்லை. ஊர் பெருத்தால் கவுன்சிலர் கூடலாம், எம்எல்ஏ கூடக் கூடாது என்பது என்ன நியாயம்?

இதற்கு ஒரு பதில் வரும் என்று தெரியும். 2025 இறுதியில் நடந்த வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தின் வரைவுப் பட்டியலில் மாநிலம் முழுக்க 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லாமல் போயின. உங்கள் தொகுதியும் மெலிந்துவிட்டதே, இன்னும் என்ன புகார் என்பீர்கள். தொகுதிக் கோடு வாக்காளர் பட்டியலை வைத்துப் போடப்படுவதில்லை, மக்கள்தொகையை வைத்துப் போடப்படுகிறது. ஓட்டைச் சொந்த ஊரில் வைத்துக்கொண்டு காரப்பாக்கத்தில் வாடகைக்கு இருக்கும் பையனும் இங்கேதான் லாரித் தண்ணீர் வாங்குகிறான், இங்கேதான் மழைக்கு முழங்காலளவு நீரில் நடக்கிறான். பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகளும் கணக்கில் சேர வேண்டியவர்கள். ‘நீங்கள்தான் ஓட்டே போடுவதில்லையே’ என்ற இன்னொரு பேச்சும் உண்டு. உண்மைதான், எங்கள் பக்கம் வாக்குப்பதிவு குறைவு. எம்எல்ஏ முகத்தை ஐந்து ஆண்டில் ஒருமுறைகூடப் பார்க்க வாய்ப்பில்லாத அளவுக்குத் தொகுதி பெருத்திருப்பதும் அதற்கு ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

பிரிக்க வேண்டும் என்றால் எங்கே பிரிப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. இயற்கை அமைப்பு, நிர்வாக எல்லை, போக்குவரத்து, மக்களின் வசதி ஆகியவற்றைப் பார்த்துத்தான் எல்லை வகுக்க வேண்டும் என்கிறது சட்டம். எங்களுக்கு நடுவே பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் கிடக்கிறது, 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் தகுதி பெற்றது. அதன் மேற்கே மடிப்பாக்கம், பள்ளிக்கரணை, மேடவாக்கம். கிழக்கே துரைப்பாக்கம், காரப்பாக்கம், சோழிங்கநல்லூர், செம்மஞ்சேரி, பக்கிங்காம் கால்வாய் தாண்டினால் நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம். மேற்குக்காரருக்குப் பிரச்சினை ஏரி உபரிநீர், பாதாளச் சாக்கடை, வேளச்சேரி சாலை நெரிசல். கிழக்குக்காரருக்கு மெட்ரோ வேலை, கடலோரம், மறுகுடியமர்வு. ஒரு பகுதி மாநகராட்சியில், மற்றொரு பகுதி புனித தோமையார்மலை ஒன்றியத்து ஊராட்சிகளில். ஒரே எம்எல்ஏ இத்தனை அலுவலகத்துக்கும் ஏற வேண்டும். ஆள் நல்லவரா கெட்டவரா என்பது வேறு விஷயம், யார் வந்தாலும் இது ஒருவரால் ஆகிற வேலை இல்லை. குறைந்தது இரண்டாகப் பிரிக்க வேண்டும். எண்ணிக்கையைப் பார்த்தால் மூன்றுகூட நியாயமே.

இனி உங்களுக்கான கணக்கு. எங்கள் தொகுதியை வெட்ட வேறு யாருடைய தொகுதியையும் விழுங்க வேண்டியதில்லை. 2002 மறுவரையறைச் சட்டத்தின்படி ஒரு மாநிலத்தின் சட்டமன்ற இடங்கள் அதன் மக்களவை இடங்களின் முழு மடங்காக இருக்க வேண்டும். இப்போது 39-ஐ ஆறால் பெருக்கி 234. கர்நாடகத்தில் மக்களவைத் தொகுதிக்கு எட்டு, கேரளத்தில் ஏழு. 39-ஐ அப்படியே காப்பாற்றிக்கொண்டு நாமும் ஏழுக்குப் போனால் 273. கூடும் 39 இடமும் ஊர் பெருத்த பக்கம் போகட்டும். கவுண்டம்பாளையம், மாதவரம், ஆவடி, மதுரவாயல் எல்லாம் 2021-இலேயே 4 லட்சம் வாக்காளரைத் தாண்டியவை. சட்டமன்றத்துக்கு அரசமைப்பு வைத்திருக்கும் உச்சவரம்பு 500. குடியரசுத் தலைவர் தேர்தலில் தமிழ்நாட்டின் பலம் குறையுமோ என்ற பயமும் வேண்டாம். இப்போது எம்எல்ஏ ஒருவரின் வாக்கு மதிப்பு 176. அதே 1971 கணக்கை வைத்து 273-ஆல் வகுத்தால் 151 ஆகும், மாநிலத்தின் மொத்த மதிப்பு ஏறத்தாழ அப்படியே நிற்கும். சட்டமன்ற இடங்களில் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பின்படி அமைச்சர் எண்ணிக்கை 35-லிருந்து 40 ஆகும். இந்த ஒரு வரியைப் படித்ததும் உங்களில் சிலருக்கு என் கோரிக்கை பிடித்துப்போயிருக்கும். கோட்டையில் நாற்காலி போட இடம் எங்கே என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். ஓமந்தூரார் வளாகத்தில் புதிய சட்டமன்றமாகக் கட்டியதை மருத்துவமனை ஆக்கியவர்களும் எதிர்த்தவர்களும் உங்களுக்குள்ளேயே இருக்கிறீர்கள்.

மக்களவையைத் தொடாமல் சட்டமன்றத்தை மட்டும் கூட்டிய உதாரணமும் உண்டு. ஜம்மு காஷ்மீரில் 2022 மறுவரையறை சட்டமன்ற இடங்களை 83-லிருந்து 90 ஆக்கியது, மக்களவை இடம் ஐந்தாகவே நின்றது. அது தனிச் சட்டத்தின் கீழ் நடந்தது. ஆந்திரத்துக்கும் தெலங்கானாவுக்கும் அதேபோல் கேட்டு ஒருவர் வழக்குப் போட்டபோது, 2026-க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை 170-ஆவது பிரிவு இடம் தராது என்று 2025-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தக் கணக்கெடுப்புக்குக் குறித்திருக்கும் நாள் 2027 மார்ச் 1. அதற்குப் பின் திறக்க வேண்டிய கதவை நாமே 30 ஆண்டுக்குச் சாத்திக்கொண்டால், கண்ணகி நகரில் இன்று பிறக்கும் குழந்தை தன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் வயதில்தான் அடுத்த கோடு விழும்.

ஆகவே நான் கேட்பது இதுதான். உங்கள் தீர்மானத்தில் ஒரு வரி சேருங்கள். உறைநிலை மக்களவைக்கான 82-ஆவது பிரிவுக்கு மட்டும் போதும், சட்டமன்றத்துக்கான 170-ஐ அதிலிருந்து விலக்க வேண்டும் என்று எழுதுங்கள். அது ஆகாத பட்சத்தில், 87-ஆவது திருத்தம் செய்தது போல, எண்ணிக்கையைத் தொடாமல் மாநிலத்துக்குள் எல்லைகளையாவது புதிய கணக்கெடுப்பின்படி மாற்ற வழி கேளுங்கள். மறுவரையறை ஆணையம் அமையும்போது இணை உறுப்பினர்களாக நம் எம்பிக்கள் ஐவரும் எம்எல்ஏக்கள் ஐவரும் உட்காருவார்கள். அவர்களுக்கு வாக்குரிமை இல்லை, வாய் உண்டு. அந்த ஐந்து எம்எல்ஏக்களில் ஒருவராவது இரண்டு லட்சம் வாக்காளர் உள்ள தொகுதியிலிருந்து வராமல், ஐந்து லட்சம் உள்ள தொகுதியிலிருந்து வரட்டும்.

இப்படிக்கு,
மேடவாக்கத்தில் குடியிருக்கும் வாக்காளன்