அப்பாவின் ஸ்வெட்டருக்கு எந்த நூல்?

குன்னூர்

அன்புள்ள தம்பிக்கு,

நலமாக இருக்கிறாயா? நீயே ஸ்வெட்டர் பின்னப் போகிறாய் என்று கேட்டதிலிருந்து அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. எடின்பரோவில் கடைக்குள் நின்றுகொண்டு "ஆட்டுக் கம்பளியா, அல்பாக்காவா?" என்று கேட்டாய். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, அதனால் எழுதுகிறேன்.

கையில் பட்டதும் அல்பாக்கா என்ற அந்தத் தென்னமெரிக்கப் பிராணியின் ரோம நூல்தான் பிடிக்கும். நீ அனுப்பிய நூலில் சால்வை பின்னியபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது. வழவழவென்று ஊசியைவிட்டு நழுவிக்கொண்டே இருக்கும். அதன் இழைமேல் உள்ள செதில்கள் ஆட்டு ரோமத்தில் இருப்பதைவிடத் தட்டையாகப் படிந்திருக்கும். இழைக்குள் ஆங்காங்கே வெற்றிடம் இருப்பதால் கதகதப்புக்கும் குறைவில்லை. ஆண்டீஸ் மலையில் 4,000 மீட்டர் உயரத்துக் குளிரைத் தாங்குகிற பிராணி, சும்மாவா?

ஆனால் ஒன்று செய்து பார். இரண்டு நூலிலிருந்தும் ஓர் இழையை உருவி மெல்ல இழுத்து விடு. மெரினோ என்ற மென்ரோம ஆட்டின் இழை நெளிநெளியாக இருக்கும். இழுத்தால் நீளும், விட்டால் பழையபடி சுருங்கிக்கொள்ளும். அல்பாக்காவில் அந்த நெளிவு குறைவு. அதிலேயே சூரி என்ற வகை ஏறக்குறைய நேராகவே தொங்கும். கடைகளில் அதிகம் வரும் ஹுவாக்காயா வகையில் கொஞ்சம் உண்டு, மெரினோ அளவுக்கு இல்லை. ஸ்வெட்டருக்கு உயிரே இந்த நெளிவுதான். மணிக்கட்டிலும் இடுப்பிலும் ரிப் என்கிற வரிவரியான பின்னல் இறுக்கிப் பிடிப்பது அதனால்தான். முழு அல்பாக்காவில் பின்னினால் சொந்தக் கனத்திலேயே இறங்கி இறங்கி, ஒரு மழைக்காலம் முடிவதற்குள் அப்பாவின் தொடைவரை வந்துவிடும். அவர் வேறு இரண்டு பையிலும் சாவி, கண்ணாடிக்கூடு, டார்ச் என்று திணிக்கிறவர்.

அப்புறம் இங்கே இருக்கிற ஈரம் உனக்குத் தெரியாததா? ஆட்டுக் கம்பளி தன் எடையில் 30 சதவீதம் வரை ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் தொட்டால் நனைந்த மாதிரியே இருக்காது.

"கம்பளி குத்தும்" என்று அவர் முனகுவார். ஆட்டு ரோமம் என்பதாலேயே குத்துவதில்லை, தடிமன்தான் காரணம். சுமார் 30 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் போனால் இழையின் நுனி வளைந்து கொடுக்காமல் தோலில் ஊன்றும். நல்ல மெரினோ 20க்குப் பக்கத்தில் இருக்கும், பேபி அல்பாக்கா 22 வாக்கில். பேபி என்றதும் குட்டியின் ரோமம் என்று நினைத்து உருகாதே, அது தரத்துக்கு வைத்த பெயர்.

ஊட்டிப் பக்கத்தில் இருக்கிற நம் சாண்டிநல்லா ஆட்டுப் பண்ணையின் நீலகிரி ஆடுகளுக்கும் நீ இருக்கிற ஊருக்கும் சொந்தம் உண்டு, தெரியுமா? 19ஆம் நூற்றாண்டில் இங்கத்து ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சௌத்டவுன் என்ற வெளிநாட்டு ஆட்டினங்கள் எல்லாம் கலந்து வந்ததுதான் நீலகிரி ஆடு. செவியட் மலை ஸ்காட்லாந்தின் எல்லையில்தானே இருக்கிறது!

சரி, என் தீர்ப்பு: பெரும்பங்கு மெரினோவும் கால்பங்கு அல்பாக்காவும் கலந்த நூல். கிடைக்காவிட்டால் முழு மெரினோ. சூப்பர்வாஷ் வேண்டாம். செதில்களை மழுக்கிப் பூச்சு கொடுத்திருப்பார்கள். மெஷினில் போடலாம், ஆனால் நனைந்தால் நெகிழ்ந்துவிடும். நான் எப்படியும் கையில்தான் துவைக்கப் போகிறேன். முழு அல்பாக்காதான் ஆசை என்றால் உனக்கு ஒரு மஃப்ளர் பின்னிக்கொள்.

முதலில் உள்ளங்கையைவிடப் பெரிதாக ஒரு மாதிரித் துண்டு பின்னு. துவைத்து, படுக்கப்போட்டுக் காயவைத்து அளந்துகொள். பிறகு கீழே துணிக் கிளிப்புகளை மாட்டி இரண்டு நாள் தொங்கவிட்டு மறுபடி அள. எவ்வளவு நீண்டது என்று சொன்னால் எத்தனை கண்ணி போடுவது என்று நான் சொல்கிறேன். முன்பக்கம், பின்பக்கம், கை எல்லாவற்றையும் தனித்தனியாகப் பின்னித் தை. தோளில் தையல் இருந்தால்தான் கனம் தாங்கும்.

மார்பளவு 40 அங்குலம். நிறம் உன் இஷ்டம், வெள்ளை மட்டும் வேண்டாம். வெற்றிலையை அவர் இன்னும் விடவில்லை.

அன்புடன்,
அம்மா