உப்பேறும் நிலமும் பேரிடர்க் கணக்கில் சேரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடலோர வயல்களின் மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதித்துச் சொல்வது என் தொழில். புயல் அடித்தால் மறுநாளே கணக்கெடுக்க அதிகாரிகள் வருகிறார்கள். நிலத்தடியில் கடல்நீர் புகுந்தால் எவரும் வருவதில்லை. விளைச்சல் ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதால், பழி விவசாயியின் கவனக்குறைவு மேல் விழுகிறது. இது பெரும் அநியாயம்.

நன்னீர் கடல்நீரைவிட இலேசானது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீட்டர் வரை உப்புநீரை அண்டவிடாது. அந்த ஒரு மீட்டரை இறைத்துவிட்டால் உப்பு மேலேறுகிறது. வசதி உள்ளவர் இன்னும் ஆழமாகத் துளை போடுகிறார். அக்கம்பக்கத்துக் கிணறுகள் கரிக்கத் தொடங்குகின்றன. நூறு குடம் நல்ல நீரில் இரண்டு குடம் கடல்நீர் கலந்தாலே நாக்குக்குத் தெரிந்துவிடும்.

மண்ணில் உப்பு கூடக்கூட அதன் ஈரத்தில் மின்சாரம் எளிதாகப் பாயும்; அந்த மின்கடத்துதிறனை வைத்தே உப்பை அளக்கிறோம். அது மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸ் என்ற அளவைத் தாண்டினால், கூடும் ஒவ்வோர் அலகுக்கும் நெல் விளைச்சலில் சுமார் 12 விழுக்காடு போகும். இலை நுனி கருகும், தூர் கட்டாது, கதிர் வந்தாலும் பாதி பதர். அண்மையில் குத்தகைக்குப் பயிர் செய்யும் ஓர் அம்மா புட்டியில் தன் கிணற்று நீரைக் கொண்டுவந்தார். அளவுக் கருவி அதே அலகில் 6 காட்டியது. "நெல்லை விட்டுவிட்டுப் பயறு போடட்டுமா?" என்று கேட்டார். பயறு நெல்லைவிடவும் உப்புத் தாங்காது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை; ஆனாலும் சொன்னேன். அறுவடை பொய்த்தாலும் அவர் குத்தகை கட்டியாக வேண்டும். நிலத்துக்குச் சொந்தக்காரரோ, மதிப்பிழந்த அந்த நிலத்தை ஈடு வைத்துக் கடன் கேட்டால் கிடைப்பதில்லை.

உவர் நிலத்தைத் தேற்ற வழி உண்டு. 1953 வெள்ளத்தில் கடல் புகுந்த நெதர்லாந்து வயல்களில் ஜிப்சம் என்னும் கால்சியம் கலந்த கனிமத்தை இட்டு மண்ணைச் சீராக்கினார்கள். ஆனால் ஜிப்சம் மட்டும் போதாது. உப்பை அலசிவிட நன்னீர் வேண்டும், அலசிய நீர் ஓட வடிகால் வேண்டும். பக்கத்து வயல் வழியாகத்தான் வடிகால் போக வேண்டும் என்றால், தனி ஒருவர் என்ன செய்வார்?

ஆகவே ஊர்தோறும் கிணறுகளின் உப்பளவை ஆண்டுக்கு இருமுறையாவது அளந்து, எல்லோரும் பார்க்கும்படி அரசு எழுதி வைக்க வேண்டும். கடலோரத்தில் ஆழ்துளைக் கிணறுகளுக்கு வரம்பு வேண்டும். உப்பால் வரும் இழப்புக்கும் பேரிடர் நிவாரணம் வேண்டும். அந்தக் கணக்கில் நில உரிமையாளரோடு நிற்காமல், குத்தகைதாரரையும், நடவும் அறுப்பும் இல்லாமல் கூலி இழந்தவர்களையும் பெயர் பெயராகச் சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
மண், நீர்ப் பரிசோதகர் ஒருவர்