சால்வைக்குப் பதில் தகரம் தந்தவர்களுக்கு

கோத்தகிரி
அறுப்பின் பண்டிகை முடிந்த வாரம்

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாருக்கும், சபைக்கு வெளியேயிருந்து கைகொடுத்த அன்பர்களுக்கும் சேகரக் கமிட்டியின், அதாவது ஆலய நிர்வாகக் குழுவின், ஸ்தோத்திரம்.

புது ஆயருக்குச் சால்வை போடுவதில் மலைச் சபைகளை யாரும் மிஞ்ச முடியாது. அலமாரி நிறையச் சால்வை இருக்கும். அலமாரிக்கு நேர் மேலே கூரை ஒழுகும். இந்த முறை அந்தக் காசை ஆயர் வீட்டுக் கூரைத் தகரத்துக்குத் தந்தீர்கள். முதல் நன்றி அதற்கு.

கூரை ஏறிய தம்பிகள் இருவருக்கும் அடுத்த நன்றி. பழைய தகரத்தில் ஆணியெல்லாம் பள்ளத்தில் அடித்திருந்தது. மழைத்தண்ணீர் ஓடுவதே பள்ளத்தில்தான், ஒழுகாமல் என்ன செய்யும்? இவர்கள் ஜே போல்ட் என்கிற கொக்கி ஆணியை மேட்டில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் தார் வாஷர் வைத்தார்கள். மேல் தகரம் கீழ்த் தகரத்தின் மேல் 6 அங்குலம் ஏறியிருக்கிறது, பக்கவாட்டில் ஒன்றரை மேடு. போல்ட்டை அளவோடு முறுக்கினார்கள். நசுங்கிய வாஷர் சீக்கிரம் வெடித்துவிடும். ஆயர் அம்மாவுக்கு ஒரு வார்த்தை: பனிக்காலத்தில், மழையில்லாத காலையில் சொட்டினால் அது ஒழுக்கல்ல. சமையல் ஆவி குளிர்ந்த தகரத்தில் பட்டு வேர்க்கிறது. சமையலறை ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் குறையும்.

ஊழியர் என்றதும் ஆயர் மட்டுமே நம் நினைவுக்கு வருகிறார். மணியடித்து, பெஞ்சு துடைத்து, கல்லறைத் தோட்டத்துப் புல்லும் வெட்டுகிற ஆலயப் பணியாளரை நினைத்த குடும்பத்துக்குத் தனி நன்றி. அவர் அறைக்கு இரண்டு கம்பளியும் ஒரு மின் ஹீட்டரும் வந்தன. இது சொகுசு என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. ஹீட்டர் இல்லாமல், பூட்டிய அறையில் கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்கினால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். ஹீட்டருக்கென்று 16 ஆம்பியர் பிளக்கைத் தனி வயரில் இழுத்துக் கொடுத்த எலக்ட்ரீஷியன் அண்ணன் கூலி வாங்கவில்லை. பழைய 6 ஆம்பியர் பிளக்கில் எக்ஸ்டென்ஷன் பெட்டி செருகியிருந்தால் வயர் உருகியிருக்கும்.

வங்கியில் ஓய்வு பெற்ற அக்கா செய்தது வெளியே தெரியாத வேலை. பணியாளரையும், கிளைச் சபைகளில் ஊழியம் செய்கிற உபதேசிமார்களையும் மத்திய அரசின் இரண்டு காப்பீட்டில் சேர்த்தார். ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீட்டுக்கு வருடம் 436 ரூபாய், சேரும் வயது 18 முதல் 50 வரை. சுரக்ஷா விபத்துக் காப்பீட்டுக்கு 20 ரூபாய், 70 வயது வரை. இரண்டிலும் உயிரிழப்புக்கு 2 லட்சம். காப்பீட்டு வருடம் ஜூன் 1-இல் தொடங்கும். மே கடைசியில் கணக்கிலிருந்து தானாகப் பணம் பிடிப்பார்கள். இருப்பு இல்லாவிட்டால் பாலிசி போய்விடும். தேயிலை விலை விழுந்து காணிக்கையும் சுருங்கிய மாதமாக மே அமைந்துவிட்டால் அதுதான் நடக்கும். ஆகவே மே 15-க்குள் ஒவ்வொருவர் கணக்கிலும் 500 ரூபாய் இருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பைப் பொருளாளரிடம் கொடுத்திருக்கிறோம். முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்றுக்கு அலைந்த வாலிபர் சங்கத்தாருக்கும் நன்றி.

பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை மூன்று தடவை எடுத்து, மூன்று தடவையும் மறு ஏலத்துக்குத் திருப்பிக் கொடுத்தவரைச் சபை அறியும். ஏலப் பணத்தில் பத்தில் ஒரு பங்கு ஊழியர் அவசர நிதிக்குப் போகிறது. 10,000 ரூபாய் வரை பொருளாளரும் ஒரு மூப்பரும் கையெழுத்திட்டு அன்றைக்கே கொடுத்துவிடலாம், கணக்கைக் கமிட்டியில் பிறகு வைத்தால் போதும். கமிட்டி கூடி, தேவையான ஆள் எண்ணிக்கை சேர்ந்து, தீர்மானம் எழுதுவதற்குள் ஆஸ்பத்திரி பில் வட்டிக் கடனாகியிருக்கும். ஆயர் கையில் கவர் திணிக்கும் பழக்கத்தை விட்டுப் பொருளாளரிடம் ரசீது வாங்கியவர்களுக்கும் நன்றி. கவர் கொடுத்த வீட்டுக்கு ஆயர் அடிக்கடி போகிறார் என்ற பேச்சு அதோடு நின்றது.

கிளைச் சபைகளுக்கு ஜீப் ஓட்டிய தம்பி பெட்ரோல் காசு மட்டும் வாங்கினார். மலை ஏற்றத்தில் கீழ் கியரிலேயே போகிற வண்டிக்குச் சமவெளி மைலேஜைப் போட்டுக் கணக்குப் பார்த்தால் ஓட்டுகிறவருக்குத்தான் நஷ்டம். இனிமேல் டயருக்கும் பிரேக்குக்கும் சேர்த்தே தருவோம்.

திங்கட்கிழமை ஆயரின் ஓய்வு நாள். அன்று அழைப்புகளைச் செயலாளர் எடுக்கிறார். சாவு, ஆஸ்பத்திரி அவசரம் மட்டுமே ஆயருக்குப் போகும். ஞானஸ்நானச் சான்றிதழ் செவ்வாய்வரை காத்திருக்கலாம் என்று ஒத்துக்கொண்ட அத்தனை பேருக்கும் நன்றி.

மீந்த தார் வாஷர் ஒரு டப்பா வெஸ்ட்ரி (ஆலயத்தில் ஆயர் அங்கி மாற்றும் அறை) அலமாரியின் கீழ்த் தட்டில் இருக்கிறது. தென்மேற்கு மழைக்கு முன் கூரையைச் சரிபார்க்க ஏறுகிறவர்கள் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

சேகரக் கமிட்டியார்